பூங்கா வாசலில் தருகிற சீட்டு: காலை நடை நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்கா, தி. நகர் நடேசன் பூங்கா, ஜீவா பூங்கா, அடையாறு காந்தி நகர்த் தெருக்கள், பெசன்ட் நகர் கடற்கரை என்று பால் பாக்கெட் வருவதற்கு முன்பே ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிற அன்பர்களுக்கு,

உங்களில் பலரை முகம் தெரியும். சிலரைக் குரல் மட்டும் தெரியும், எனக்குப் பின்னால் அரசியல் பேசிக்கொண்டே வருகிறவர்கள். நான் ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டாக்டர் கிடையாது. ஆனால் ஊராரின் உயரத்தையும் எடையையும் வயிற்றுச் சுற்றளவையும் காகிதத்தில் படித்தே சம்பளம் வாங்கினேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

நம் பூங்கா வாசல்களில் இப்போதெல்லாம் அருகம்புல் சாறு விற்கிறவருக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு மேஜை முளைத்துவிடுகிறது. ‘இலவச பி.எம்.ஐ. பரிசோதனை’ என்று ஒரு பேனர். டி-ஷர்ட் போட்ட தம்பி ஒருவர், “சார், ஹைட் எவ்வளவு?” என்று கேட்கிறார். நாம் சொல்கிறோம், அவர் எழுதிக்கொள்கிறார். ஷூவோடு, பையில் இருக்கிற மொபைலோடு, வீட்டுச் சாவிக்கொத்தோடு எடை மெஷினில் ஏறுகிறோம். ஒரு சீட்டு வருகிறது. ‘நார்மல்’ என்று வந்தால் தம்பி கைகொடுக்கிறார். ‘ஓவர்வெயிட்’ என்று வந்தால் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு டப்பா வெளியே வருகிறது. டப்பாவின் விலையை நான் எழுதினால் உங்களுக்குப் படபடப்பு வரும்.

பிறகு பெஞ்சில் உட்கார்ந்து பிளஸ் டூ மார்க் ஒப்பிடுவதுபோல ஒப்பிடுகிறோம். “எனக்கு 22.1. உமக்கு?” என்று ஒரு ஒல்லிப் பெரியவர் கேட்க, மற்றவர் சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்கிறார்.

பி.எம்.ஐ. என்கிற உடல் நிறைக் குறியீட்டெண் கணக்கு ஒன்றும் பெரிய வித்தையில்லை. கிலோவில் எடை, அதை மீட்டரில் உயரத்தால் ஒரு முறை வகுத்து, வந்ததை அதே உயரத்தால் மறுபடி ஒரு முறை வகுக்க வேண்டும். பேத்தியின் கால்குலேட்டர் போதும். 158 சென்டிமீட்டர் உயரம், 61 கிலோ எடை உள்ள ஒரு அம்மாவுக்கு 24.4 வரும். நடேசன் பூங்கா வாசலில் ஏறக்குறைய இதே எண்ணோடு ஒருவர் சீட்டைக் காட்டினார். ‘நார்மல்’ என்று போட்டிருந்தது. அந்த மெஷினுக்கோ அதோடு வந்த செயலிக்கோ 25தான் எல்லைக்கோடு. நம் நாட்டு மருத்துவர்கள் கூடி 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இந்தியர்களுக்கு 23 முதல் 24.9 வரை அதிக எடை. 25 என்றாலே உடல் பருமன். அந்த அம்மாவுக்கு இதை யார் சொல்வது? சீட்டில் பச்சை நிறத்தில் ஒரு சிரிக்கும் முகம் வேறு அச்சாகியிருந்தது.

25 எப்படி வந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். இந்தக் கணக்கை முதலில் போட்டவர் அடோல்ஃப் கெட்லே என்ற பெல்ஜியக்காரர். வானியலாளர், புள்ளியியலாளர். வைத்தியத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. 1830களில், சராசரி மனிதன் என்பவன் எப்படி இருப்பான் என்று தேடிக்கொண்டிருந்தவர், வளர்ந்தவர்களின் எடை உயரத்தின் வர்க்கத்தோடு சேர்ந்து ஏறுகிறது என்று கண்டார். யாருக்குக் கொழுப்பு கூடுதல் என்பது அவருடைய கேள்வியே இல்லை. கணக்கு அவர் புத்தகத்தில் நூறு வருஷத்துக்கு மேல் சும்மா கிடந்தது.

இடையில் எங்கள் தொழில்காரர்கள் புகுந்தார்கள். அமெரிக்காவின் மெட்ரோபாலிடன் லைஃப் காப்பீட்டு நிறுவனம், எந்த எடைக்காரர் சீக்கிரம் போய்ச் சேருகிறார், எவர் நீண்ட நாள் பிரீமியம் கட்டுகிறார் என்று பார்த்து 1940களில் உயரம்-எடை அட்டவணை போட்டது. 1959இல் திருத்தியது. அதில் ஆண்களின் உயரம் ஒரு இஞ்ச் குதிகால் வைத்த ஷூவோடும், பெண்களின் உயரம் இரண்டு இஞ்ச் குதிகாலோடும் சேர்த்துக் கணக்கிடப்பட்டிருந்தது. சிறிய எலும்புக்கூடு, நடுத்தரம், பெரியது என்று மூன்று பத்திகள். உங்களுடையது எது என்று கண்டுபிடிக்க வழி சொல்லவில்லை. உலகம் முழுக்க டாக்டர்கள் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தது இந்த மாதிரி அட்டவணைகளைத்தான்.

அமெரிக்க உடலியல் அறிஞர் ஏன்சல் கீஸுக்கு இது பிடிக்கவில்லை. அமெரிக்கா, இத்தாலி, ஃபின்லாந்து, ஜப்பான், தென்னாப்பிரிக்கா ஆகிய ஐந்து நாடுகளிலிருந்து சுமார் 7,400 பேரின் அளவுகளை எடுத்துச் சரிபார்த்து, கெட்லேயின் பழைய கணக்கே இருப்பதில் தேவலாம் என்று 1972இல் எழுதினார். பி.எம்.ஐ. என்ற பெயரும் அந்தக் கட்டுரையில்தான் நிலைத்தது. அவர் அளவெடுத்த அத்தனை பேரும் ஆண்கள். இந்தியர்கள் கிடையாது. அவர் தேடியதும் கூட்டம் கூட்டமாக மனிதர்களை ஒப்பிடுவதற்கு ஒரு சுலபமான கருவியைத்தான். எல்லைக்கோடுகள் அதற்கும் பிறகு வந்தவை. அமெரிக்காவில் 1998 வரை ஆண்களுக்கு 27.8, பெண்களுக்கு 27.3 என்று இருந்ததை 25க்கு இறக்கினார்கள். முந்தின நாள் சரியான எடையோடு தூங்கப்போன கோடிக்கணக்கானவர்கள் மறுநாள் அதிக எடைக்காரர்களாக எழுந்தார்கள்.

இதைச் சொல்வதால் அந்த எண் குப்பை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மாநிலத்தையோ நாட்டையோ அளக்க அதைவிட மலிவான கருவி இன்னும் வரவில்லை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதத்தினரும் ஆண்களில் 37 சதவீதத்தினரும் 25ஐத் தொட்டோ தாண்டியோ இருக்கிறார்கள் என்று ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்வதும் இதே கணக்கைப் போட்டுத்தான். 23 என்று கோடு போட்டால் எத்தனை பேர் தேறுவோம் என்று யோசித்துப் பாருங்கள். என் மனத்தாங்கல் கோட்டை எங்கே போடுகிறோம் என்பதிலும், அந்த ஓர் எண்ணோடு பரிசோதனை முடிந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்வதிலும்தான்.

நமக்கு ஏன் தனிக் கோடு? 2004இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்களின் படம் வந்தது. ஒருவர் புணேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக், இன்னொருவர் லண்டனின் ஜான் யட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. அச்சு அசலாக 22.3. பூங்கா வாசலில் நின்றிருந்தால் இருவருக்கும் கைகுலுக்கல் கிடைத்திருக்கும். உடலில் கொழுப்பை அளந்தபோது யட்கினுக்கு 9.1 சதவீதம், நம் யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். அதே எடைக்குள் நம்மவரிடம் தசை குறைவு, கொழுப்பு அதிகம். அந்தக் கொழுப்பும் தொடையில் இடுப்பில் தேங்காமல் வயிற்றுக்குள், கல்லீரலையும் குடலையும் சுற்றி உட்கார்ந்துகொள்கிறது. அங்கிருந்து கொழுப்பு அமிலங்கள் நேரே கல்லீரலுக்குப் போகின்றன, இன்சுலின் சொல்வதைக் கல்லீரல் கேட்க மறுக்கிறது, சர்க்கரை ஏறுகிறது. கை கால் குச்சியாகவும் நடுவில் சின்னக் குடமாகவும் இருக்கிற உருவத்தை நம் தெருக்களில் நான் உங்களுக்குக் காட்ட வேண்டியதில்லை.

பிள்ளைகள் லண்டனில் இருக்கிறவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் லட்சக்கணக்கானவர்களின் மருத்துவப் பதிவுகளை வைத்துச் செய்து 2021இல் வெளியான ஆய்வில், பி.எம்.ஐ. 30 உள்ள வெள்ளையருக்கு இருக்கிற நீரிழிவு அபாயம் தெற்காசியருக்கு 23.9லேயே வந்துவிடுகிறது என்று தெரிந்தது. அங்கே பிறந்து வளர்ந்தாலும் வயிறு நம் ஊர் வயிறுதான்.

வெளியூர்க் கதை போதும். நம்முடைய கோட்டை நம் ஊரிலேயே அளந்திருக்கிறார்கள் என்பது பூங்காவில் எத்தனை பேருக்குத் தெரியும்? ராயபுரத்தில் 1954இல் பொது மருத்துவமனையாகத் தொடங்கியதை 1971இல் நீரிழிவுக்கென்றே மாற்றியவர் டாக்டர் எம். விஸ்வநாதன். அவருடைய மகன் டாக்டர் வி. மோகன் கோபாலபுரத்தில் மருத்துவமனையும் ஆராய்ச்சி அமைப்புமாக இயங்குகிறார். அவருடைய குழுவினர் 2001இல் தொடங்கிய ஆய்வில் சென்னை முழுவதிலுமிருந்து 26,001 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை உயரம், எடை, சுற்றளவு, சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு என்று முழுதாகப் பரிசோதித்து, எந்த அளவில் ஆபத்து ஆரம்பிக்கிறது என்று பார்த்தார்கள். 2007இல் விடை வெளியானது: பி.எம்.ஐ. ஆண் பெண் இருவருக்கும் 23. வயிற்றுச் சுற்றளவு ஆண்களுக்கு 87 சென்டிமீட்டர், பெண்களுக்கு 82. தேசிய வழிகாட்டுதல் இதைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தி ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 என்று வைத்திருக்கிறது. எதை எடுத்துக்கொண்டாலும் பெரிய வித்தியாசமில்லை. டாக்டர் சொல்கிற எண்ணைப் பின்பற்றுங்கள்.

வயிற்றுச் சுற்றளவு என்றதும் எனக்குப் பழைய படிவங்கள் ஞாபகம் வருகின்றன. பாலிசிக்கு முன் நடக்கிற மருத்துவப் பரிசோதனையின் தாளில் உயரம், எடை, மார்பு விரிவு, அதற்குப் பக்கத்திலேயே வயிற்றுச் சுற்றளவு. எடை சரியாக இருந்து வயிறு மட்டும் மார்பை எட்டிப் பிடிக்கிறது என்றால் எங்கள் மேலதிகாரி அந்தத் தாளை இரண்டு முறை புரட்டுவார். உள்ளுறுப்புக் கொழுப்பு என்ற பேச்செல்லாம் அவருக்குத் தெரியாது. யாருக்குச் சீக்கிரம் க்ளெய்ம் கொடுக்க வேண்டிவரும் என்று தெரியும்.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான்: எடை மெஷினோடு ஒரு தையல்கார டேப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அளப்பதிலும் ஏமாற்று வேலை நிறைய உண்டு. “நான் முப்பத்திரண்டு சைஸ் பேண்ட்தான் போடுகிறேன்” என்கிறார்கள் நம் ஆண்கள். பேண்ட் நிற்கிற இடத்தைப் பாருங்கள். தொப்பைக்குக் கீழே இறங்கி இடுப்பெலும்பில் தஞ்சம் புகுந்திருக்கும். பெல்ட் அதைத் தாங்குகிறது, வயிறு மேலே எட்டிப் பார்க்கிறது. வேட்டிக்காரர்கள் பாடு இன்னும் சௌகரியம், வேட்டிக்குச் சைஸே கிடையாது. பெண்களுக்குப் பாவாடை நாடா கட்டுகிற இடம் பழக்கமான அடையாளம். அதுவும் அளக்க வேண்டிய இடமில்லை. விலா எலும்பின் கடைசி விளிம்பை விரலால் தொட்டுப் பாருங்கள். பக்கவாட்டில் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் டேப் சுற்ற வேண்டும், முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில். மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்ட பிறகு படிக்க வேண்டும். வயிற்றை எக்கிக்கொள்வது அனிச்சைச் செயல். பக்கத்தில் ஒருவர் நின்று பேச்சுக் கொடுத்தால் தளரும். பொங்கல்-வடைக்கு முன்பு அளந்துவிடுங்கள்.

டேப்பின் எல்லை எண்களை ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாதவர்களுக்கு இன்னொரு வழி: சுற்றளவு, உங்கள் உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும்.

உயரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம்மில் பெரும்பாலோர் சொல்வது கல்யாணத்துக்கு ஜாதகத்தோடு அனுப்பிய உயரம். வயதானால் முதுகெலும்புத் தட்டுகள் தேய்ந்து நாம் குட்டையாகிறோம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 170 சென்டிமீட்டர் என்று சொன்னால் 24.2. உண்மையில் இப்போது 166தான் என்றால் 25.4. ஜாதக உயரம் அவரை ஒரு படி ஆரோக்கியமாக்கிவிடுகிறது. செருப்பைக் கழற்றி, சுவரில் குதிகாலும் முதுகும் படிய நின்று, தலையில் ஒரு புத்தகத்தை வைத்துக் கோடு போட்டு அளந்துகொள்ளுங்கள். பேரன் செய்வான்.

இப்போது பெஞ்சிலிருந்த அந்த ஒல்லிப் பெரியவருக்கு வருகிறேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்ற நம்பிக்கை. 170 சென்டிமீட்டர், 64 கிலோ, 22.1. வயிற்றில் டேப் வைத்தால் 94. சீட்டை மடித்து வைத்துக்கொண்டாரே அவருக்கு 26க்கு மேல். இளமையில் கபடி ஆடிய தோளும் தொடையும், சுற்றளவு 86. இருவரில் யார் முதலில் ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். இரண்டாமவருக்கும் பரிசோதனை வேண்டாம் என்பதல்ல, 26 என்பது 26தான். ஆனால் மெஷின் ஒருவரைத் தட்டிக்கொடுத்து இன்னொருவருக்கு டப்பா விற்றது.

பாண்டி பஜார் பக்கத்து ஜிம்களில் எடை தூக்குகிற பையன்களைப் பற்றிக் கவலை வேண்டாம், அவர்களுக்கு இந்த எண் சரிப்படாது என்று அவர்களுக்கே தெரியும். எழுபதைத் தாண்டியவர்களைப் பற்றித்தான் கவலை. “என்ன மாமி, நன்னா இளைச்சுட்டேளே!” என்று கோயில் வாசலில் பாராட்டுகிறோம். முயற்சி செய்யாமல் எடை இறங்குகிறது என்றால் கரைவது தசையாக இருக்கலாம். சர்க்கரை கட்டுக்கடங்காமல் போயிருக்கலாம். வேறு வியாதியாகவும் இருக்கலாம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் பாராட்டை நிறுத்திவிட்டு டாக்டரிடம் அழைத்துப்போங்கள். பி.எம்.ஐ. 18.5க்குக் கீழே போவதும் ஆபத்து என்பதை எடைக்குறைப்புப் பேச்சில் மறந்தேவிட்டோம்.

அம்மாவோடு நடக்க வருகிற பள்ளிக்கூடப் பெண்களை அந்த மேஜைப் பக்கமே விடாதீர்கள். பதினெட்டு வயதுக்குள் உள்ளவர்களுக்கு வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற தனி வளர்ச்சி அட்டவணை இருக்கிறது, குழந்தை மருத்துவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள். பெரியவர்களின் கோட்டை அந்தப் பெண்கள் மேல் போட்டு, பத்துப் பேர் நடுவில் ‘குண்டு’ என்று சொல்கிறவர்கள் மீது எனக்குத் தனிப்பட்ட கோபமே உண்டு. கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சீட்டால் பிரயோஜனமில்லை.

சரி, டேப் எல்லையைத் தாண்டிவிட்டது, என்ன செய்வது? டப்பா வாங்குவதற்கு முன் ஒரு செய்தி. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாசற்படியில் நின்றிருந்த 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான அறிவுரை மட்டும். மற்றவர்களில் சிலருக்கு நடை, சாப்பாட்டு மாற்றம், சிலருக்கு மாத்திரை, சிலருக்கு இரண்டும். மூன்று வருஷத்தில் வெறும் அறிவுரை பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. நடந்து, சாப்பாட்டை மாற்றியவர்களில் 39.3 சதவீதத்தினருக்குத்தான். இதில் வேடிக்கை, அவர்களுடைய எடை சொல்லிக்கொள்கிற மாதிரி இறங்கவே இல்லை. மெஷின் முள் அசையவில்லை என்று மூன்றாம் மாதமே நடையை விட்டுவிடுகிற நண்பர்கள் இந்த வரியை இன்னொரு தரம் படிக்கவும்.

நடப்பதற்கு இடம் வேண்டுமே என்பதற்கும் நம் ஊரிலேயே முன்னுதாரணம் உண்டு. மோகன் குழுவினர் 1990களின் பிற்பகுதியில் நகரத்தின் இரண்டு குடியிருப்புகளைப் பரிசோதித்தார்கள்: நம் தி. நகரின் பாரதி நகர், குறைந்த வருமானக்காரர்கள். திருமங்கலத்து ஆசியாட் காலனி, நடுத்தர வர்க்கம். வயதைச் சரிக்கட்டிப் பார்த்தால் நீரிழிவு பாரதி நகரில் 6.5 சதவீதம், ஆசியாட் காலனியில் 12.4. முடிவுகளைக் கேட்ட காலனிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. தாங்களே பணம் போட்டுப் பூங்கா அமைத்துக்கொண்டார்கள். வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்கிறவர்கள் 14.2 சதவீதமாக இருந்தது பின்னாளில் 58.7 ஆனது. நமக்குப் பூங்கா ஏற்கெனவே இருக்கிறது. நாம் இரண்டு சுற்று நடந்துவிட்டு மூன்று சுற்று அளவுக்கு உட்கார்ந்து பேசுகிறோம்.

அடுத்த முறை மேஜை போட்ட தம்பியைத் திட்டாதீர்கள், அவருக்கு அது வேலை. உயரத்தை அளக்கச் சொல்லுங்கள். எந்த எண்ணுக்கு மேல் ‘ஓவர்வெயிட்’ என்று வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். 25 என்றால் அந்த ‘நார்மல்’ நமக்குப் பொருந்தாது என்று பக்கத்தில் நிற்கிறவருக்கும் காதில் விழும்படி சொல்லுங்கள். கையில் பிடித்ததும் கொழுப்புச் சதவீதம் காட்டுகிற கருவியை நீட்டினால், அது உடம்புக்குள் சின்ன மின்சாரத்தை விட்டு ஊகிக்கிற எண் என்பதை நினைவில் வையுங்கள். அரை லிட்டர் தண்ணீர் குடித்தாலும், நன்றாக வியர்த்தாலும் மாறும்.

நான் பாண்டி பஜாரில் இரண்டு புதிய டேப் வாங்கி வைத்திருக்கிறேன். பழைய துணி டேப் இழுபட்டு நமக்குச் சாதகமாகப் பொய் சொல்லும். வருகிற மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஆறரை மணிக்கு நாகேஸ்வர ராவ் பூங்காவின் லஸ் சர்ச் ரோடு பக்கத்து வாசலில் இருப்பேன். பெண்களுக்கு அளக்க, யோகா வகுப்பு எடுக்கிற அம்மா ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். எண்ணை உரக்கப் படிக்க மாட்டோம், ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவோம். நடேசன் பூங்காவிலும் அடையாற்றிலும் இதேபோல் யாராவது பொறுப்பெடுத்துக்கொண்டால் எல்லை எண்களை அட்டையில் பெரிய எழுத்தில் எழுதித் தருகிறேன். எல்லையைத் தாண்டியவர்கள் சாப்பிடாத வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி, ரத்த அழுத்தம் மூன்றையும் தங்கள் டாக்டரிடம் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் எனக்குத் தெரியாது, சொல்லவும் மாட்டேன்.

அளந்து முடித்ததும் தெருமுனை மெஸ்ஸில் எல்லோருக்கும் நெய்ப் பொங்கல் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்களாம். அது வதந்தி. காபி உண்டு, அரைச் சர்க்கரை.

இப்படிக்கு,
லஸ் பக்கத்து நடையாளர் ஒருவர்